பெ.பூ. பதினொன்று

கொசுப்புழு பார்ப்பதற்குக் கைபேசியில் ஒரு செயலி வந்துவிட்டதாம். தண்ணீரைப் படம் பிடித்தால் போதும், புழு இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடுமாம். கையால் எழுதும் தொல்லையே இல்லை. இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர், நான் ஓய்வுபெற்ற அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். பழைய தாள்களை மூட்டை கட்டும்போது, சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருத்திய ஒரு வரி அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"சார், 'பெ.பூ. பதினொன்று'ன்னு திருத்தி உங்க கையெழுத்துப் போட்டிருக்கு. பெ.பூ.ன்னா என்ன சார், பெரிய பூசணிக்காயா?"

பூசணிக்காயாக இருந்திருந்தால் என் உத்தியோகத்துக்கு அவ்வளவு சேதம் வந்திருக்காது. "சொன்னா அரை மணி நேரம் ஆகும்மா" என்றேன். "அப்ப எழுதிக் குடுத்துடுங்க சார், எல்லாரும் படிப்போம்" என்றார். எழுதச் சொல்லி யாராவது கேட்டால் உட்கார்ந்த இடம் ஆடுகிறதா என்று இன்றும் முதலில் பார்த்துக்கொள்வேன். ஏன் என்று மேலே படித்தால் தெரியும்.

கல்லூரியில் நான் தமிழ் படித்தவன். தும்பி என்றால் பூவுக்குப் பூ போய்த் தேன் குடிக்கும் வண்டு என்று விடைத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். அப்படிப்பட்டவனுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் கொசு ஒழிப்பில் தற்காலிகக் களப்பணியாளர் வேலை கிடைத்தது. வேலை கிடைப்பதே பெரிய சேதியாக இருந்த காலம். என்ன வேலை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பெண் வீட்டார் கேட்டபோது அம்மா "சுகாதாரத்துல இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டாள்.

பயிற்சி பதினாறு நாள். அதில் நான்கு நாள் பயிற்சியாளர் வரவில்லை, இரண்டு நாள் நான் வரவில்லை. மிச்ச நாளில் நான் தெரிந்துகொண்டது, மலேரியாக் கொசுவின் புழு தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்திருக்கும், சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும் என்பதுதான். தண்ணீரில் வேறு ஜீவராசிகளும் வசிக்கக்கூடும் என்று பாடத்தில் வரவில்லை. நானாகக் கேட்கவும் இல்லை.

அலுவலகம் மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே இரும்பைக் கடையும் சத்தம், மேலே நாங்கள் கத்திப் பேசுவோம், பழக்கதோஷத்தில் வீட்டுக்குப் போயும் கத்துவோம். என் எல்லை ஒரு பக்கம் ஆவடியைத் தாண்டிக் கோவில்பதாகை வரை, இன்னொரு பக்கம் வேலப்பன்சாவடிக்குப் பக்கத்து நூம்பல் வரை. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்களில் தொட்டி மூடியைத் திறக்க வைப்பதற்குப் பூச்சி அறிவு பயன்படாது, ராஜதந்திரம் வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க தொட்டியில புழுவா? தெனமும் தேய்ச்சுல்லா கழுவுதோம்! போன வாட்டி வந்த ஆளும் இப்படித்தான் சொன்னாரு. அவரே கொண்டாந்து போட்டிருப்பாரு!" கரண்டியில் நெளிந்ததைக் காட்டினேன். அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது பக்கத்து வீட்டுப் புழு" என்றார்.

கரண்டி என்றது எங்கள் ஆயுதத்தை. நீண்ட கைப்பிடி வைத்த வெள்ளை எனாமல் கரண்டி. அலுவலகத்தில் டிப்பர், தெருவில் கொசுக் கரண்டி. அதை வைத்துத் தண்ணீர் மொள்வதற்கு ஒரு முறை உண்டு. சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும், நிழல் நமக்குப் பின்னால் விழும்படி. நிழல் பட்டால் புழு அடியில் போய்விடும், மறுபடி மேலே வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கரண்டியைச் சாய்த்து, விளிம்பைத் தண்ணீரில் தொடவைத்து, தண்ணீர் தானாக வழிந்து உள்ளே வரும்படி விட வேண்டும். அவசரப்பட்டு அள்ளினால் தண்ணீர் வரும், புழு வராது. ஓர் இடத்தில் பத்துக் கரண்டி. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து எண்ணி, கரையில் நின்றபடியே தாளில் எழுத வேண்டும்.

எழுதுவதற்கும் சுருக்கெழுத்து இருந்தது. சிறு புழு என்றால் சி.பு. பெரும் புழு என்றால் பெ.பு. கூட்டுப்புழு என்றால் கூ.பு. இதில் பெ.பு. என்பது அபாயச் சங்கு. பெரும் புழு இரண்டொரு நாளில் கூட்டுப்புழு ஆகும், கூட்டுப்புழு ஆனால் அடுத்தது கொசு. அதனால் ஓர் இடத்துக்கு எதிரே பெ.பு. பத்துக்கு மேல் இருந்தால் கேள்வியே கிடையாது. எண்ணெய் ஊற்ற உத்தரவு தானாகப் புறப்பட்டுவிடும்.

எங்கள் மேலதிகாரி பூச்சியியல் அலுவலர் செண்பகவல்லி மேடம். என்னைவிட ஒரு வயது சின்னவர். அது எனக்கு முதல் மாதம் வருத்தமாக இருந்தது, இரண்டாம் மாதத்திலிருந்து பயமாக மாறியது. லேத் ஓடும்போதும் அவர் குரலை உயர்த்த மாட்டார். நாங்கள்தான் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்க வேண்டும். பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தாளை வரிவரியாகப் படிப்பார். தப்பு கண்ணில் பட்டால் திட்ட மாட்டார், மூடியைப் பேனாவில் மாட்டுவார். டக். அந்தச் சத்தம் லேத்தையும் மீறி எங்கள் எல்லோருக்கும் கேட்கும். பிறகு ஒரே கேள்விதான்.

"இது பார்த்ததா, எழுதினதா?"

பார்த்தது வேறு, எழுதினது வேறு என்று அவருக்குத் தெரியும். சொந்தமாக ஒரு கரண்டி வைத்திருந்தார். அதைத் துண்டில் சுற்றி, நாங்கள் போய்வந்த இடத்துக்குச் சொல்லாமல் போவார், பத்துக் கரண்டி மொள்வார், எங்கள் தாளோடு ஒப்பிடுவார். தண்ணீரே இல்லாத குட்டையில் ஏழு புழு எழுதிய ஒரு சகா, அதற்குப் பிறகு பக்திமான் ஆகிவிட்டார்.

என் எல்லையிலேயே எனக்குப் பிடித்த இடம் நூம்பல் ஓடை. அது போய்ச் சேர்வது கூவத்தில். கூவம் என்றதும் மூக்கைப் பிடிக்க வேண்டாம். அந்நாளில் அந்தப் பக்கத்தில் குனிந்தால் மணல் தெரியும், மணலில் நம் முகமும் தெரியும். அங்கங்கே கருங்கல், கல்லைச் சுற்றிக் கோரை. ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு தட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு, கிட்டே போனால் மைப்புட்டியின் நீலம். பின் இறக்கை உடம்பில் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு கறை, பேனா கசிந்தாற்போல. குளத்தங்கரையில் இதைப் பார்க்க முடியாது, கிணற்றிலும் கிடையாது. ஓடுகிற தண்ணீர் இருந்தால்தான் இருக்கும். ஒரு கல்லுக்கு ஓர் ஆள். இன்னொன்று வந்தால் துரத்தும், ஒரு சுற்றுப் பறக்கும், திரும்பி அதே கல்லில் வந்து அமரும்.

அந்தக் கரையில் கன்னியம்மா கீரைப் பாத்தி வைத்திருந்தார். ஊரார் நிலங்களில் நாற்று நட்டுக் களை எடுத்தவர். நிலங்கள் மனைகளானதும் நடவு நின்றுபோனது. புருஷன் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போனார், கன்னியம்மா ஓடைக்கரைக்கு வந்தார். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை. ஓடையில் குடத்தை அமுக்கி மொண்டு மொண்டு ஊற்றுவார். என்னைப் பார்த்தால் அவருக்குப் பொழுதுபோக்கு.

"இன்னா கொசுக்காரே, இந்தத் தட்டானப் பாத்தியா? உன் டிப்பார்ட்மெண்டுதான் இதுவும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பின்ன? ஒரு ரவுண்டு சுத்துது, இன்னாமோ பெருசா வேல கீற மாரி. அப்பால வந்து அதே கல்லு மேல குந்திக்கினு சும்மா பாத்துக்கினு கீது. நாங்கோ அத்த இன்ஸ்பெட்டர் தட்டான்னு சொல்லுவோம்."

எனக்கு இன்ஸ்பெக்டர் பதவி கிடைத்தது அந்த ஓடையில் மட்டும்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் நடந்தது இது. நூம்பல் ஓடையில் பத்துக் கரண்டி மொண்டேன். கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. ஆனால் கோரை ஓரமாக மொண்டபோது வேறு எதுவோ வந்தது. சேற்று நிறம், ஆறு கால், பெருமாள் கோயில் பிரசாதத்தில் வரும் முழு மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. அசிங்கமாக இருந்தது என்றால் அது வருத்தப்படும், ஆனாலும் அசிங்கம்தான். மொத்தம் பதினொன்று. பெயர் தெரியவில்லை. வெறுங்கோடு போட்டுவிட்டுப் போனால், இவன் ஓடைக்கே போகவில்லை என்று மேடம் நினைப்பாரோ என்று பயம். பார்த்ததை எழுதிவிடுவோம் என்று முடிவு செய்து, எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு ஒரு பெயர் வைத்தேன். பெரிய பூச்சி. சுருக்கினால் பெ.பூ.

கரையில் நின்று எழுதியிருக்க வேண்டும். மழை தூறியது, பஸ் வரும் நேரம். வேலப்பன்சாவடியில் ஓடிப்போய் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாளை முன்சீட்டின் முதுகில் வைத்து எழுதினேன். பு என்ற எழுத்தின் காலை ஒரு வளைவு வளைத்தால் பூ. நான் வளைக்கும் நேரத்தில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அலுவலகம் போனேன். பலகையில் எண்ணெய் உத்தரவு தொங்கியது. எங்கள் எழுத்தர் ராமலிங்கம் அழகாகப் படி எடுத்திருந்தார். 'நூம்பல் ஓடை. பெ.பு. 11. எண்ணெய்.' மேஸ்திரி துலுக்காணமும் ஆட்களும் டின்னோடு விடியற்காலையே புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

என் அசல் தாளை எடுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பு. தமிழில் பட்டம் வாங்கியவன் எழுதிய, தெள்ளத்தெளிவான, திருத்தமான பு.

அந்த வாரத்தில்தான் எங்களை நிரந்தரமாக்கும் பட்டியல் மேலே போக இருந்தது. பட்டியலில் என் பெயர் இருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. பணிப் பதிவேட்டில் கறுப்புப் புள்ளி இருக்கக் கூடாது. வீட்டில் இதை நம்பி நல்ல நாள்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள், இனிப்பு வாங்குவதற்கு.

மேடத்தின் மேசைக்குப் போய்க் குனிந்தேன். "மேடம், நூம்பல்ல புழு இல்ல. அது வேற ஒரு பூச்சி."

"எத்தனை கால்?"

"ஆறு."

"வாலுக்குப் பக்கத்துல தண்ணியைப் பீய்ச்சிப் பாஞ்சுதா?"

பாய்ந்தது. அதை நான் அநாகரிகம் என்று நினைத்துக் குறிக்காமல் விட்டிருந்தேன். தலையாட்டினேன். பேனா மூடி டக் என்றது. துண்டில் சுற்றிய கரண்டி, ஒரு வெள்ளை எனாமல் தட்டு, அலுவலகத்தில் வளர்ப்பதற்காக வைத்திருந்த கொசுப்புழுப் பாட்டில் ஒன்று, மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "அசல் தாளையும் எடுத்துக்குங்க" என்றார்.

இரண்டு பஸ் மாறி, கடைசி அரை மைலை ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம். ஓடும் தண்ணீரில் எண்ணெயைக் கொட்டினால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் எங்களிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. மூங்கில் முக்காலி நட்டு, டின்னைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிடுவார்கள். டின்னின் அடியில் ஓர் ஓட்டை, ஓட்டையில் ஓர் ஆணி. ஆணியை உருவினால் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக விழுந்து ஓடை நெடுக எண்ணெய்ப் படலம் படியும். புழு மூச்சு முட்டிச் சாகும். நாங்கள் போனபோது டின் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணி அதன் இடத்தில் இருந்தது. டின்னுக்கு அடியில், முழங்கால் தண்ணீரில், கையில் கீரை அறுக்கும் அரிவாளோடு கன்னியம்மா நின்றிருந்தார்.

"புடுங்கு. எங்க, புடுங்கு பாக்கலாம். இந்தத் தண்ணியத்தான் மொண்டு ஊத்திக்கினு கீறேன். நாளிக்கு அறுப்பு. மண்ணெண்ண நாத்தம் அடிக்கற கீரைய உன் ஊட்டுக்கா அனுப்பறது?"

துலுக்காணம் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "வா அண்ணாத்தே. நீ எய்துன புழுவுக்கு நான் அரிவா வெட்டு வாங்கணுமா? ஆர்டர் கீது, டின்னு கீது, இந்தம்மாவும் கீது. நான் இன்னா பண்றது சொல்லு."

கன்னியம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது. "ஓகோ. நீதான் எய்துனியா?"

அதற்குள் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கிவிட்டார். சூரியனைப் பார்த்து நின்றார். கோரை ஓரமாகப் பத்துக் கரண்டி. அவசரமே இல்லை. தலைக்கு மேல் ஒரு டின் எண்ணெய் தொங்கும்போது அப்படி மொள்ள முடியும் என்று நான் அன்றுதான் பார்த்தேன். கொசுப்புழு இல்லை. என் பெரிய பூச்சி நான்கு வந்தது. அவற்றில் ஒன்றை எனாமல் தட்டில் விட்டார், பாட்டிலிலிருந்து கொசுப்புழுக்களை அதே தட்டில் ஊற்றினார். எல்லோரும் குனிந்தோம். அந்தச் சேற்று நிறப் பிராணி சற்று நேரம் சும்மா கிடந்தது. ஒரு புழு நெளிந்துகொண்டு பக்கத்தில் வந்ததும், அதன் முகத்துக்கு அடியில் மடிந்திருந்த உதடு கை நீள்வதுபோல் வெளியே பாய்ந்து புழுவைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

"அடி ஆத்தே!" என்று துலுக்காணம் பீடியைக் கீழே போட்டார். "வாய்க்குள்ளேர்ந்து இன்னொரு வாய் வருது!"

இன்னொரு புழு போனது. அப்புறம் இன்னொன்று.

"கல்லு மேல உக்காந்திருக்கே, அதோட குட்டி இது" என்றார் மேடம். "தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் கொசுப்புழுவைத் தின்னும். வெளியே வந்ததும் கொசுவைத் தின்னும். நம்ம வேலையை நமக்கு முன்னாடியே செஞ்சுட்டிருக்கு. எண்ணெய் ஊத்தினா முதல்ல சாகிறது இதுதான்."

"அப்போ டின்ன எறக்கிடலாமாம்மா?" என்றார் துலுக்காணம்.

"முடியாது."

கன்னியம்மா அரிவாளை மறுகைக்கு மாற்றினார்.

மேடம் கரையேறி, என்னிடம் மட்டும் பேசினார். "உத்தரவு நான் போட்டதில்லை, மேலேயிருந்து வந்தது. காகிதத்துல பதினொரு புழு இருக்கு. அதை என் கண்ணால எடுக்க முடியாது, இன்னொரு காகிதம்தான் எடுக்கும். அந்தப் பதினொண்ணு எப்படி வந்ததுன்னு எழுதிக் குடுங்க. அதை வெச்சு நான் உத்தரவை நிறுத்தறேன்."

"எப்படி வந்ததுன்னு…"

"எழுத்தர் தப்பாப் படிச்சிருக்கலாம். நீங்க தப்பா எழுதியிருக்கலாம். எது நடந்ததோ அது."

சொல்லிவிட்டு, துண்டால் கரண்டியைத் துடைக்கப் போய்விட்டார். அசல் தாள் என் பையில் இருந்தது. அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. அப்போது ஏன் என்று புரியவில்லை.

துலுக்காணம் என் பக்கத்தில் வந்து குந்தினார், குரலைத் தணித்துக்கொண்டு. "மாமே, கிளார்க்கு மேல போட்ரு. அவரு கண்ணாடி சோடாபாட்டிலு, ஊருக்கே தெரியும். அவரு பர்மெண்டு ஆளு, ஒண்ணும் ஆவாது. நீ லிஸ்ட்ல கீற."

அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ராமலிங்கத்தை யாரும் தூக்கில் போடப்போவதில்லை. அதிகம் போனால் "பார்த்து எழுதுமய்யா" என்பார்கள். அவரும் "ஆமா, கண்ணு சரியில்ல" என்று ஒப்புக்கொள்வார், அவ்வளவு நல்லவர். பையிலிருந்த தாளில் ஒரே ஒரு வளைவு போட்டால் போதும். பேனா என் கையில் இருந்தது. இந்தத் தடவை பஸ்ஸும் ஆடவில்லை.

வீரமாக ஒரு முடிவு எடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் நினைத்துக்கொண்டிருந்தது, ராமலிங்கம் தினம் எனக்குக் கொடுக்கும் பாதி வடையைப் பற்றி. அதை நாளைக்கு எப்படி வாங்கித் தின்பது என்று தெரியவில்லை. ஓடையில் கன்னியம்மா கால் மாற்றி நின்றார். தண்ணீரில் அவ்வளவு நேரம் நின்றதில் அவர் கால் வெளுத்திருந்தது.

எழுதினேன். 'நூம்பல் ஓடையில் நான் கண்டது தட்டானின் இளம்பருவம். கொசுப்புழு எதுவும் காணவில்லை. பெரிய பூச்சி என்று எழுத நினைத்துப் பெரும் புழு என்று எழுதியது நான். கரையில் எழுதாமல் பேருந்தில் நின்றுகொண்டு எழுதினேன். படி எடுத்த எழுத்தர் என் எழுத்தைச் சரியாகவே படித்தார்.'

மேடம் நின்றபடியே படித்தார். மூடியை மாட்டவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, நேரம் குறித்து, துலுக்காணத்திடம் "டின்னை இறக்குங்க" என்றார். என்னிடம், "பஸ்ஸுன்னு எழுதியிருக்க வேண்டாம். அதை யாரும் கேட்கலை" என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பாராட்டு இல்லை என்று யாராவது நிரூபித்தால் ஒப்புக்கொள்ளும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

அன்று மாலையே அசல் தாளில் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, என்னைப் பெ.பூ. என்று திருத்திக் கையெழுத்துப் போட வைத்தார். என் பணிப் பதிவேட்டில் தன் கையால் எழுதினார்: 'கவனக்குறைவுக்காக எச்சரிக்கப்பட்டார்.' சலுகை ஏதும் இல்லை. பட்டியலிலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டது. அடுத்த பட்டியல் வர நான்கு வருஷம் ஆனது. "ஒரு வளைவுக்கா நாலு வருஷம்?" என்று என் மனைவி கேட்டாள். கல்யாணமே அந்தத் தற்காலிகத்தோடுதான் நடந்தது. அவள் பெற்றோர் தைரியசாலிகள்.

கன்னியம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. டின்னை மூங்கிலில் மாட்டித் தூக்கிக்கொண்டு அவர்கள் கரையைத் தாண்டி மறைந்ததும், ஓடையிலிருந்து ஏறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே ஒரு காய்தம். எய்துன, டின்னு எறங்கிடுச்சு. இத்தினி நாளு நீ சும்மா கரண்டி ஆட்டிக்கினு கீற ஆளுன்னு நெனச்சிக்கினு கீறேன். பெரிய கையி நைனா உன்து!" அவரைத் திருத்த நான் முயற்சி செய்யவில்லை. என்னைப் பெரிய கை என்று சொல்ல உலகத்தில் ஒருவராவது வேண்டாமா?

அதற்கு அடுத்த மாதமே ஒரு காலையில் அந்தப் பதினொன்றில் ஒன்றோ, அதன் தம்பியோ, கோரைத் தண்டைப் பிடித்துத் தண்ணீரை விட்டு மேலே ஏறுவதைப் பார்த்தேன். முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து ஈரமாக, வெளிறிப்போய், கசங்கிய துணிபோல ஒன்று தொங்கியது. இறக்கை விரியும்வரை நின்று பார்த்தேன். அன்று மூன்று குட்டைகளுக்குப் போக வேண்டியவன் ஒன்றுக்கும் போகவில்லை. போகவில்லை என்றே எழுதினேன். மேடம் படித்துவிட்டு, அளவுகோல் எடுத்து, எங்கள் தாள்களின் ஓரத்தில் சிவப்பு மையில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு கிழித்தார். தலைப்பு, 'தட்டான்'. மேலே யாரும் கேட்காத பத்தி. அவர் மாற்றலாகிப் போனபிறகும் நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நூம்பலில் வீடுகள் நெருக்கமாக வந்துவிட்டன. வீடுகளிலிருந்து குழாய்கள் ஓடையைத் தேடி வந்தன. மணல் தெரிவது நின்றது. கல்லுக்கு ஓர் ஆள் என்றிருந்தது, நாலு கல்லுக்கு ஓர் ஆள் என்று ஆனது. பிறகு ஓடையின் இருபக்கமும் சுவர் எழுப்பி, மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடும் வேலை தொடங்கியது. எல்லா அனுமதியும் முறையாக இருந்தது. காகிதங்களை நான் பார்த்தேன். அச்சடித்தவை, ஓர் எழுத்துப் பிழை இல்லை.

பலகை கீரைப் பாத்திக்கு இருபதடி தூரத்தில் வந்து நின்ற நாளில் நான் கரண்டியோடு போனேன். கன்னியம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. பாத்தியின் நடுவில் நின்று, பலகை இறக்கும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அரிவாள் இல்லை. என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"வந்துட்டியா! உன்னத்தான் பாத்துக்கினு கீறேன். எடு காய்தத்த. அன்னிக்கி எய்துன பாரு, அந்த மாரி ஒண்ணு எய்து. நிப்பாட்டு."

"அது முடியாதும்மா."

"ஏன் முடியாது? அன்னிக்கி எப்படி முடிஞ்சுது?"

சொல்லிவிட்டேன், அத்தனை வருஷம் கழித்து. "அன்னைக்குத் தப்பு என்னுது. நான் தப்பா எழுதினேன். தப்புன்னு ஒத்துக்கிட்டேன், டின்னை இறக்கிட்டாங்க. இது என் தப்பு இல்லம்மா. இதுல நான் ஒத்துக்க ஒண்ணும் இல்ல."

கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று பார்த்திருப்பார். பிறகு, மிகவும் சாதாரணமாக, கடையில் வேறு ரகம் கேட்பவர்போலக் கேட்டார்.

"அப்போ நீ ஒரு தப்பு பண்ணேன், நைனா."

தப்பு செய்வதில் எனக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை. அன்று எவ்வளவு யோசித்தும் ஒன்று தோன்றவில்லை. இறங்கி, சூரியனைப் பார்த்து நின்று, மூடாமல் மிச்சமிருந்த இருபதடியில் பத்துக் கரண்டி மொண்டேன். கரையில் நின்றபடியே எழுதினேன். கன்னியம்மா, அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்த கீரையை அன்றைக்கே அறுக்க உட்கார்ந்தார்.